கலந்த நிறத்தைத் திரும்பப் பிரிக்க முடியுமா?

விழுப்புரம் மாவட்டத்தில் பனமலை என்று ஓர் ஊர். ஏரியை ஒட்டி ஒரு பாறைக் குன்று, குன்றின் மேல் தாளகிரீசுவரர் கோயில். காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலைக் கட்டிய அதே இராசசிம்ம பல்லவன்தான் இதையும் கட்டினான். ஏறத்தாழ 1300 ஆண்டுகள் ஆகிவிட்டன. அங்கே ஒரு சிற்றாலயத்தின் சுவரில் பார்வதியின் ஓவியம் இருக்கிறது. தலைக்கு மேல் குடை, ஒரு காலை மடித்து ஒய்யாரமாக நிற்கிறாள். எதிரே சிவன் ஆடுகிறார், அதைப் பார்க்கிறாளாம். ஆடியவர் பெரும்பாலும் உதிர்ந்துபோய்விட்டார். பார்த்தவள் இன்னும் நிற்கிறாள். மழையும் வெயிலும் தாண்டி இவ்வளவு மிஞ்சியதே பெரிது.

எந்தக் காலத்து ஓவியராக இருந்தாலும், இளஞ்சிவப்பு வேண்டும் என்றால் என்ன செய்வார்? காவியை எடுத்து வெள்ளையோடு குழைப்பார். சரி, குழைத்தாயிற்று. ‘ஐயோ, கொஞ்சம் காவி மிச்சம் வைக்காமல் போனோமே’ என்று அந்தக் கிண்ணத்தையே திரும்பத் திரும்பக் கலக்கினால் காவி தனியாக வருமா? வராது. இளஞ்சிவப்போடு இளஞ்சிவப்பைச் சேர்த்தால் இளஞ்சிவப்புதான் வரும்.

செடிகள் விதை வைப்பதும் விலங்குகள் குட்டி போடுவதும் இப்படித்தான் நடக்கிறது என்று உலகத்தில் பல பெரிய அறிவாளிகள் வெகுகாலம் நம்பினார்கள். அம்மாவின் குணமும் அப்பாவின் குணமும் சாயம்போலக் குழைந்து பிள்ளைக்கு வருகிறது என்பது அவர்கள் எண்ணம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் வீட்டுத் திண்ணை ஓரம் நிற்கும் அந்திமந்தாரை அதை ஒப்புக்கொள்ளாது.

அந்திமந்தாரையைத் தெரியும்தானே? அந்திமல்லி என்றும் சொல்வார்கள். சாயங்காலம் நாலு, நாலரைக்கு மேல் விரிந்து, மறுநாள் காலையில் சுருண்டு போகும். பூ உதிர்ந்தால் மிளகு மாதிரி ஒரு கறுப்பு விதை மட்டும் உட்கார்ந்திருக்கும். ஒரு பூவுக்கு ஒரே விதை. (விதையும் கிழங்கும் நஞ்சு. கையால் தொடலாம், வாயில் வைக்கக் கூடாது. தம்பி, தங்கை சின்னப் பிள்ளைகளாக இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள்.) அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் ஊர்க் குப்பைமேட்டில்கூட உரிமையோடு முளைக்கிற செடி இது. இன்னொரு வேடிக்கை: நாம் இதழ் என்று நினைக்கும் அந்தச் சிவப்பு உண்மையில் அல்லி இதழ் அல்ல. புல்லி இதழ்தான் நிறம் பூசிக்கொண்டு நிற்கிறது.

சிவப்புப் பூ பூக்கும் ஒரு செடி, வெள்ளைப் பூ பூக்கும் ஒரு செடி. இரண்டையும் கலந்து பார்ப்போம். இந்தச் சோதனையை நீங்களே செய்யலாம். ஆனால் அவசரக்காரருக்கு இது ஒத்துவராது.

முதலில் செடிகள் சுத்தமானவையா என்று பார்க்க வேண்டும். சிவப்புச் செடியின் விதையை மட்டும் தனியாக விதைத்தால் சிவப்பே வருகிறதா? வெள்ளையின் விதையில் வெள்ளையே வருகிறதா? மஞ்சள் கோடு, தெளித்த மாதிரிப் புள்ளி என்று கலவையாகப் பூக்கும் செடிகள் நம் ஊரில் நிறைய உண்டு. பார்க்க அழகு, ஆனால் இந்தச் சோதனைக்கு வேண்டாம். கணக்குக் குழம்பிவிடும்.

அடுத்து, வெள்ளைப் பூச் செடியைத் தாயாக வைத்துக்கொள்ளுங்கள். ஏன் வெள்ளை என்று கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன். மத்தியானம் இரண்டு மூன்று மணிக்கு, இன்று மாலை விரியப்போகிற மொட்டைத் தேடுங்கள். நீளமாக, நுனி உப்பி இருக்கும். ஊசியாலோ சின்னக் கத்தரியாலோ பக்கவாட்டில் மெல்லக் கீறித் திறந்தால் உள்ளே ஐந்து மகரந்தத் தாள்களும் நடுவில் ஒரு சூலகத் தண்டும் சுருண்டு கிடக்கும். மகரந்தத் தாள்களின் நுனியில் குட்டிப் பைகள் இருக்கும். அவை வெடிப்பதற்கு முன்பே ஐந்தையும் இடுக்கியால் எடுத்துவிடுங்கள். நடுத்தண்டில் கை படக் கூடாது. சாயங்காலம் சிவப்புப் பூ விரிந்ததும் அதன் மகரந்தப் பை ஒன்றைக் கிள்ளி, வெள்ளைப் பூவின் சூலக முடியில் பொடி ஒட்டும்படித் தொட்டுவிட வேண்டும். பிறகு மெல்லிய துணியால் மூடி நூலால் கட்டுங்கள். இல்லாவிட்டால் இருட்டியதும் பருந்து அந்துப்பூச்சி வந்து நீண்ட உறிஞ்சுகுழலை உள்ளே விட்டு, எந்தச் செடியின் மகரந்தத்தையாவது பூசிவிட்டுப் போய்விடும். காம்பில் ஒரு வண்ண நூல் அடையாளம் கட்டினால் வேலை முடிந்தது.

எவ்வளவு மகரந்தம் வேண்டும்? ஒரே ஒரு துகள் போதும். இதைச் சோதித்துச் சொன்னவர் கிரிகோர் மெண்டல். பட்டாணிச் செடியால் பெயர் பெற்றவர், இதே அந்திமந்தாரையிலும் கை வைத்திருக்கிறார். ஒரு விதைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மகரந்தத் துகள் வேண்டும் என்று அப்போது சில பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மெண்டல் ஒற்றைத் துகளை மட்டும் எடுத்துச் சூலக முடியில் வைத்தார். நல்ல விதை வந்தது. அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்புதான்.

நம் செடிக்கு வருவோம். கலப்பு விதையை விதைத்து, முளைத்து, பூத்ததும் பார்த்தால் எல்லாமே இளஞ்சிவப்பு. ‘பார்த்தாயா, நான் சொன்னதுதானே!’ என்பார் நம் ஓவியர். காவியும் வெள்ளையும் குழைந்துவிட்டன என்றுதான் தோன்றும்.

தாய் ஏன் வெள்ளை என்பது இங்கேதான் விளங்கும். நீங்கள் மொட்டைத் திறந்தபோது ஒரு மகரந்தப் பை ஏற்கெனவே வெடித்திருந்தால், வெள்ளை தன் மகரந்தத்தாலேயே விதை வைத்திருக்கும். அந்த விதையிலிருந்து வெள்ளைப் பூதான் வரும். இளஞ்சிவப்பு வந்தால் கலப்பு நடந்தது, வெள்ளை வந்தால் நடக்கவில்லை. செடியே சாட்சி சொல்லிவிடுகிறது. பயிர் ஆராய்ச்சி நிலையங்களிலும் பூ நிறம், தண்டு நிறம் போன்றவற்றை இப்படிச் சாட்சிக்கு வைத்துக்கொள்வது வழக்கம்.

இனிமேல்தான் விஷயமே. இளஞ்சிவப்புச் செடிகளின் பூக்களை மொட்டிலேயே துணியால் மூடி, தன் மகரந்தத்தாலேயே விதை வைக்க விடுங்கள். அந்த விதைகளைச் சேர்த்து விதையுங்கள். ஒரு பூவுக்கு ஒரு விதை என்பதால் நிறையப் பூ மூட வேண்டியிருக்கும். சலிக்காதீர்கள். இந்தப் பேரப்பிள்ளைச் செடிகள் பூக்கும்போது இளஞ்சிவப்பு மட்டுமா வரும்? சிவப்பும் வரும், வெள்ளையும் வரும். மங்கிய சிவப்பல்ல, தாத்தா வீட்டுச் சிவப்பு. அழுக்கேறிய வெள்ளையல்ல, பாட்டி வீட்டு வெள்ளை. குழைத்த கிண்ணத்திலிருந்து காவி தனியாக, வெள்ளை தனியாக எழுந்து வந்து நிற்கிறது!

ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் காரென்ஸ் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த அந்திமந்தாரைக் கலப்பைச் செய்து எண்ணிப் பார்த்தார். நாலில் ஒரு பங்கு சிவப்பு, இரண்டு பங்கு இளஞ்சிவப்பு, ஒரு பங்கு வெள்ளை என்று வந்தது. அப்படியானால் உள்ளே சாயம் கலக்கவே இல்லை. சிவப்புக்கான குறிப்பும் வெள்ளைக்கான குறிப்பும் தனித்தனியாகவே இருந்திருக்கின்றன. அந்தக் குறிப்பைத்தான் நாம் இன்று மரபணு என்கிறோம். ஒவ்வொரு செடிக்கும் இரண்டு குறிப்புகள் உண்டு, தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. விதை வைக்கும்போது இரண்டில் ஏதோ ஒன்றைத்தான் கொடுக்கும்.

நம்பிக்கை இல்லையா? பூவா தலையா போடுங்கள். நீங்கள் ஒரு காசு, பக்கத்தில் இருப்பவர் ஒரு காசு. தலை விழுந்தால் சிவப்புக் குறிப்பு, பூ விழுந்தால் வெள்ளைக் குறிப்பு. இருவரும் ஒரே நேரத்தில் சுண்டுங்கள். இரண்டும் தலை என்றால் சிவப்புச் செடி, இரண்டும் பூ என்றால் வெள்ளைச் செடி, ஒன்று இது ஒன்று அது என்றால் இளஞ்சிவப்பு. நாலு முறை சுண்டினால் ஒன்று, இரண்டு, ஒன்று என்று அழகாக வராது. நாலும் இளஞ்சிவப்பாகக்கூட வரும். நூறு முறை சுண்டி எழுதுங்கள். 25, 50, 25-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். செடியும் அப்படித்தான். நாலே செடி வளர்த்துவிட்டு ‘புத்தகத்தில் போட்டது பொய்’ என்று சொல்லக் கூடாது.

சார்லஸ் டார்வின்கூட ஒருமுறை இந்தக் கதவு வரை வந்து திரும்பிப் போயிருக்கிறார். அவர் செய்தது பூ நிறத்தில் அல்ல, பூ வடிவத்தில். வழக்கமான நாய்முகப் பூவையும், விந்தையாகச் சீரான வடிவில் பூக்கும் நாய்முகப் பூவையும் கலந்தார். பேரப்பிள்ளைச் செடிகள் 127. அவற்றில் 88 வழக்கமான வடிவம், 37 விந்தை வடிவம், 2 நடுவாந்தரம். மூன்றுக்கு ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 1868இல் புத்தகத்திலும் அச்சிட்டார். எண்ணினார், ஆனால் அந்த எண் என்ன சொல்கிறது என்று கேட்கவில்லை. அதற்கு 2 ஆண்டுகளுக்கு முன்பே மெண்டலின் கட்டுரை அச்சாகியிருந்தது!

அந்த ‘மூன்றுக்கு ஒன்று’ எங்கே வருகிறது? அதைப் பார்க்க அந்திமந்தாரையை விட்டுவிட்டு வேலிப்பக்கம் போக வேண்டும். திண்டிவனம், விழுப்புரம் பக்கம் எந்த வீட்டு வேலியிலும் கொடி அவரை படர்ந்திருக்கும். ஆடியில் ஊன்றினால் பகல் குறுகும் காலத்தில் பூக்கத் தொடங்கி, பொங்கலுக்குக் காயும் மொச்சையுமாகக் குழம்பில் விழும். சில கொடியில் ஊதாப் பூ, சில கொடியில் வெள்ளைப் பூ. இந்த இரண்டையும் கலந்தால் வெளிர் ஊதா வர வேண்டும் என்றுதானே நினைப்பீர்கள்? வராது. எல்லாம் ஊதாவாகவே வரும். வெள்ளை எங்கே போனது என்றே தெரியாது. அடுத்த தலைமுறையில்தான் நாலில் ஒரு கொடி வெள்ளையாகப் பூத்துத் தலை காட்டும்.

மெண்டல் பட்டாணியில் கண்டது இதேதான். இன்றைய செக் நாட்டின் பர்னோ நகரத்து மடத்துத் தோட்டத்தில் 1856 முதல் 1863 வரை வேலை செய்தார். தொடங்கும் முன் 34 வகைப் பட்டாணியை வாங்கி, 2 ஆண்டுகள் சும்மா வளர்த்து, சுத்தமானவையா என்று மட்டும் பார்த்தார். ஊதாப் பூவையும் வெள்ளைப் பூவையும் கலந்த சோதனையில் பேரப்பிள்ளைச் செடிகள் 929. ஊதா 705, வெள்ளை 224. வகுத்துப் பாருங்கள், மூன்றுக்குக் கொஞ்சம் மேல் வரும்.

அந்திமந்தாரையில் நடுநிறம் வந்தது, அவரையிலும் பட்டாணியிலும் ஏன் வரவில்லை? பட்டாணிக்கு விடை 2010இல் கிடைத்தது. ஊதா நிறத்தை உண்டாக்கு என்று கட்டளையிடும் மரபணுவைக் கண்டுபிடித்துப் படித்தார்கள். வெள்ளைப் பூச் செடியில் அதே மரபணு இருக்கிறது, ஆனால் அதில் ஓர் எழுத்து மாறிவிட்டதால் வேலை செய்யவில்லை. வேலை செய்யும் பிரதி ஒன்று இருந்தாலே பூவுக்குத் தேவையான அளவு நிறம் வந்துவிடும். ஆகவே ஒரு நல்ல பிரதியும் ஒரு பழுதான பிரதியும் உள்ள செடியும் முழு ஊதாதான். பாடப்புத்தகம் இதை ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு என்கிறது. அந்திமந்தாரையிலோ ஒரு பிரதி பாதி நிறம்தான் தருகிறது, இரண்டு இருந்தால்தான் முழுச் சிவப்பு.

அவரையின் சாயமும் அந்திமந்தாரையின் சாயமும் வேறு வேறு என்பது இடையில் ஒரு செய்தி. அவரை, கத்தரிப் பூ, சங்குப்பூ எல்லாவற்றிலும் இருப்பது ஆந்தோசயனின். அந்திமந்தாரை, பீட்ரூட், தண்டுக்கீரை, காகிதப்பூ இவற்றில் இருப்பது பீட்டலைன். இரண்டும் ஒரே செடியில் சேர்ந்து இருந்ததாக இதுவரை யாரும் கண்டதில்லை.

இப்போது ஒரு சிக்கல். அவரை வேலியில் ஊதாப் பூவோடு ஒரு கொடி. அது இரண்டு ஊதாக் குறிப்பு வைத்திருக்கிறதா, இல்லை ஒரு வெள்ளைக் குறிப்பை மறைத்து வைத்திருக்கிறதா? முறைத்துப் பார்த்தால் தெரியாது. பூதக்கண்ணாடி வைத்தாலும் தெரியாது.

ஒரு வழி, அதன் விதைகளையே விதைத்துப் பார்ப்பது. மெண்டல் இப்படித்தான் 100 செடிகளைச் சோதித்தார். அவர் பார்த்தது விதைத்தோல் நிறம். பட்டாணியில் ஊதாப் பூவும் சாம்பல் கலந்த பழுப்பு விதைத்தோலும் இலைக் கணுவில் வரும் செம்மையும் ஒரே குறிப்பின் வேலை என்பதால், பூவைப் பார்த்தாலும் விதைத்தோலைப் பார்த்தாலும் ஒன்றுதான். ஒவ்வொரு செடியிலிருந்தும் 10 விதை எடுத்து விதைத்தார். 36 செடி சுத்தம், 64 செடி மறைத்து வைத்தவை. ஆனால் பத்து விதை போதுமா? மறைத்து வைத்திருக்கும் செடியின் பத்துப் பிள்ளைகளும் தற்செயலாக ஊதாவாகவே வந்துவிட வாய்ப்பு உண்டு. முக்காலைப் பத்து முறை பெருக்கிப் பாருங்கள், நூற்றுக்கு ஐந்தாறு வரும். அதாவது அப்படிப்பட்ட 100 செடியில் ஐந்தாறு செடி நம்மை ஏமாற்றிவிடும். இங்கிலாந்தின் புள்ளியியல் அறிஞர் ஃபிஷர் 1936இல் இதைச் சுட்டிக்காட்டினார்.

இதைவிடக் கெட்டிக்காரத்தனமான வழி ஒன்று இருக்கிறது. ஐயத்துக்குரிய ஊதாவை வெள்ளையோடு கலப்பது. வெள்ளையிடம் கொடுக்க வெள்ளைக் குறிப்பு மட்டுமே உண்டு, அதனால் எதையும் மறைக்காது. அந்த ஊதா சுத்தமானது என்றால் பிள்ளைகள் எல்லாம் ஊதா. மறைத்து வைத்திருந்தால் பாதி ஊதா, பாதி வெள்ளை. சோதனைக் கலப்பு என்பது இதுதான். இதில் ஏமாறும் வாய்ப்பும் வேகமாகக் குறைகிறது. ஐந்து பிள்ளைகளும் தற்செயலாக ஊதாவாக வர 32இல் ஒரு வாய்ப்பு. பத்துப் பிள்ளைகள் என்றால் 1024இல் ஒன்று. ஒரே ஒரு வெள்ளை தலை காட்டினாலும் குட்டு உடைந்தது. என்னைக் கேட்டால், மெண்டல் கதையில் பட்டாணியைவிட அழகானது இந்த யோசனைதான்.

நம் அவரையை நம் ஊர்க்காரர்கள் சும்மா விடவில்லை. கோயம்புத்தூர்ச் சிறுதானிய ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த ஜி.என். ரங்கசாமி அய்யங்கார் சோளம், கேழ்வரகு, கம்பு என்று ஒவ்வொன்றிலும் எந்தக் குணம் எப்படித் தலைமுறை தாண்டுகிறது என்று எண்ணி எண்ணி எழுதினார். 1935இல் அவரும் குஞ்ஞிகிருஷ்ணன் நம்பியாரும் சேர்ந்து அவரை, மொச்சை பற்றிய ஆய்வை இந்திய அறிவியல் அகாடமியின் இதழில் வெளியிட்டார்கள். சி.வி. இராமன் அந்த அகாடமியைத் தொடங்கி அப்போது ஓர் ஆண்டுதான் ஆகியிருந்தது.

பனமலைக்கு இன்னும் பக்கத்தில் வேண்டுமா? திண்டிவனத்தில் எண்ணெய் வித்துகள் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. உங்கள் தாத்தாவிடம் ‘டி.எம்.வி. 2 மல்லாட்டை தெரியுமா?’ என்று கேளுங்கள். டி.எம்.வி. என்பது திண்டிவனம்தான், மல்லாட்டை என்பது நிலக்கடலை. மல்லாட்டைக் கலப்பு செய்ய வேண்டுமானால் சாயங்காலமே மஞ்சள் மொட்டைப் பிரித்து மகரந்தப் பைகளை எடுத்துவிட்டு, விடிகாலையில் வந்து வேறு செடியின் மகரந்தம் தடவ வேண்டும். பிறகு அந்தப் பூவின் அடியிலிருந்து ஒரு முளை நீண்டு மண்ணுக்குள் போய்விடும். எந்தக் காய் கலப்புக் காய் என்று மண்ணுக்குள் எப்படித் தெரியும்? முளை மண்ணில் இறங்கும் முன்னே அதில் நூல் கட்டிவைப்பார்கள்.

எள்ளில் வேலை இதைவிட எளிது. எள்ளுப் பூவின் மகரந்தத் தாள்கள் பூக்குழலின் உள்பக்கத்தில் ஒட்டியிருக்கும். மறுநாள் விரியப்போகும் மொட்டைச் சாயங்காலம் பிடித்து மெல்ல இழுத்தால், பூக்குழல் முழுதும் உருவிக்கொண்டு வரும், மகரந்தப் பைகளும் அதோடு வந்துவிடும். சூலகத் தண்டு மட்டும் செடியில் நிற்கும். கத்தரியும் வேண்டாம், இடுக்கியும் வேண்டாம். எள் வயல் பக்கத்தில் இருந்தால் வயல்காரரிடம் கேட்டுவிட்டு ஒரே ஒரு பூவை உருவிப் பாருங்கள்.

அந்திமந்தாரையில் தாயும் தந்தையும் இடம் மாறினால் என்ன ஆகும் என்று சிலர் கேட்பீர்கள். பூ நிறத்தில் ஒன்றும் ஆகாது. சிவப்பு தாயாக இருந்தாலும் பிள்ளை இளஞ்சிவப்புதான். ஆனால் இலையில் வெள்ளையும் பச்சையும் திட்டுத்திட்டாக இருக்கும் அந்திமந்தாரை உண்டு. அந்த இலை நிறம் தந்தையைக் கண்டுகொள்வதே இல்லை, தாய்க்கிளை பச்சை என்றால் பிள்ளையும் பச்சை, தாய்க்கிளை வெள்ளை என்றால் பிள்ளையும் வெள்ளை. இதையும் காரென்ஸ்தான் 1909இல் எழுதினார். பச்சையம் இருக்கும் பசுங்கணிகங்களுக்குச் சொந்தமாக மரபணுக்கள் உண்டு, அவை தாய் வழியாகவே விதைக்குள் போகின்றன. மெண்டலின் கணக்கு அங்கே செல்லாது.

கடைசியாக உங்களுக்கு ஒரு கணக்கு. வெள்ளைப் பூ அவரையைத் தாயாக வைத்து, ஊதாப் பூ அவரையின் மகரந்தத்தைத் தடவினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கிடைத்த விதைகளை ஊன்றினால் எட்டுக் கொடி. ஐந்து ஊதாவாகப் பூத்தது, மூன்று வெள்ளையாகப் பூத்தது. அந்த மூன்று வெள்ளைக்கும் இரண்டு காரணம் இருக்கலாம். தந்தை ஊதா ஒரு வெள்ளைக் குறிப்பை மறைத்து வைத்திருக்கலாம். அல்லது மொட்டைத் திறந்தபோது உங்கள் கை தாமதித்து, வெள்ளை தன் மகரந்தத்தையே வாங்கிக்கொண்டிருக்கலாம். இரண்டில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? ஒரு துப்பு மட்டும் தருகிறேன்: தந்தைக் கொடியிலும் காய் முற்றித் தொங்குகிறது, அந்த விதைகளை இன்னும் யாரும் ஊன்றவில்லை.